அமீல்க்காரின் கணக்கை மூடும் மாலை

நில்சா என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் அமீல்க்கார் என்று வந்தது.

நில்சா ரெந்தேரியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியும், யாருடைய கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறோமோ அவருடைய பெயரோடுதான் தொடங்கும். சற்றுமுன்தான் அவள் தன் கணக்குக்கு மாறியிருந்தாள். விரல்களுக்குப் பழகிப்போன கட்டளை அது. தவறாகத் தட்ட வழியில்லை. சந்தேகம் தீர 'ஹூ ஆம் ஐ' என்று தட்டினாள். நான் யார் என்று கேட்டால் கணினி சுற்றி வளைக்காமல் ஒரே சொல்லில் பதில் சொல்லும். அமீல்க்கார் என்றே சொன்னது.

அசதிதான் என்று நினைத்துக்கொண்டாள். எட்டு இரவுகளாக அமீல்க்கார் மேனாவின் வீட்டில் ஜெபமும் பாட்டுமாகக் கண்விழிப்பு. பகலில் ஆஸ்பத்திரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெளியே கிப்தோ நகரத்து மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. அத்ராத்தோ ஆற்றுக்கு மேலே வானம் இறங்கி உட்கார்ந்துகொண்டு, பிற்பகலையே அந்திபோல இருட்டாக்கியிருந்தது. சர்வர் அறையில் குளிர்சாதனத்தின் சீரான முனகலுக்கு அடியில் எங்கோ ஒரு சொட்டு, நீண்ட இடைவெளி விட்டு விட்டு, உலோகத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சூடேறிய தூசியின் வாசனை, சுவரில் பூத்த பூஞ்சையின் வாசனை. இவற்றுக்கு நடுவே, இன்னும் போகாமல், அமீல்க்கார் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் மெந்தோல் தைலத்தின் வாசனை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில்தான் அவர் இறந்தார்.

ஊழியர் இறந்தால் அவருடைய கணக்கை அன்றே மூடிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒன்பது நாள் ஜெபம் முடியாமல் இறந்தவரின் கட்டிலை யாரும் பிரிக்க மாட்டார்கள். அதேபோல அவருடைய கணக்கையும் யாரும் தொடுவதில்லை என்பது இந்த ஆஸ்பத்திரியில் எழுதாத வழக்கம். இயக்குநர்கூட அதற்குக் கட்டுப்பட்டார். இன்று ஒன்பதாம் நாள். ரூட்டின் கடவுச்சொல்லைக் காலையிலேயே மாற்றிவிடும்படியும், மாலைக்குள் அமீல்க்காரின் கணக்கை மூடிவிடும்படியும் அவர் மென்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரூட் என்பது எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருக்கும் தலைமைக் கணக்கு. இறந்தவருக்குத் தெரிந்த சாவி அப்படியே இருக்கக்கூடாது அல்லவா?

மூடிவிட்டு அவள் ஓட வேண்டும். ஆறு ஏறிக்கொண்டிருந்ததால், விடியலுக்குக் காத்திராமல் பொழுது சாயும்போதே, ஜெபத்துக்காக வீட்டில் எழுப்பிய பீடத்தைக் கலைத்துவிடுவதென்று அமீல்க்காரின் மனைவி எலோய்சா முடிவு செய்திருந்தாள். வெள்ளைத் துணி போர்த்திய படிப்பீடத்தில் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைப்பார்கள். இருட்டில் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி, வாசல்வரை நடுவில் வழிவிட்டு உட்காருவார்கள். ஆன்மா அந்த வழியாகப் போய்விடும். அது போகும்போது யாரும் தலைநிமிர்ந்து பார்க்கக்கூடாது. நில்சாவின் மகள் தாலியா மத்தியானமே அங்கே போய், அம்மாவுக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தாலியாவுக்கு அமீல்க்கார் ஞானத்தகப்பன். அந்த உறவில் நில்சாவை அவர் கொமாத்ரே என்பார். அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஏன் தன் பெயர் வரவில்லை என்பது யோசித்தபோது கொஞ்சம் புரிந்தது. அமீல்க்காரைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவருடைய திரை திறந்தபடியே கிடந்தது. அன்று மாலையே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு மருத்துவ நிலையத்திலிருந்து செவிலி ஒருத்தியின் செய்தி வந்தது: பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லை, படகு வேண்டும். அவசரப் படகை அனுப்பும் அனுமதி அமீல்க்காரின் கணக்குக்கு மட்டுமே இருந்தது. நில்சா கண்களைத் துடைத்துக்கொண்டு அவர் பெயரிலேயே அனுப்பிவைத்தாள். தாய் பிழைத்தாள். செவிலி நன்றி சொன்னாள், தோன் என்ற மரியாதைச் சொல்லோடு, அமீல்க்காருக்கு. அவர் இல்லை என்று அந்த நேரத்தில் சொல்ல நில்சாவுக்கு மனம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அதிலிருந்து அதே திரையில் தன் வேலைக்குத் தன் கணக்கு, படகுகளுக்கு அவர் கணக்கு என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். மாறினால் வந்த வழியே வெளியேற வேண்டும். 'எக்ஸிட்' என்று தட்டினால் போதும். அவளோ அவசரக்காரி. வெளியேறாமல், உள்ளே இருந்தபடியே அடுத்த கணக்குக்கு மாறுவாள். பெயர் என்னவோ நில்சா என்றுதான் காட்டும். ஆனால் அது அமீல்க்காருக்குள் இருக்கும் நில்சா, அவருக்கு வெளியே இன்னொரு நில்சா, அவளுக்கும் வெளியே இன்னொரு அமீல்க்கார். உயிரோடு இருந்தபோது அவர் இதற்காக அவளைக் கேலி செய்யாத வாரம் இல்லை.

"கொமாத்ரே, உன்ன வீட்டுக்குப் போன்னு சொன்னா, நிக்கிற எடத்துலயே இன்னொரு வீடு கட்டி உள்ள போயி உக்காந்துக்குவ போல."

அவள் சிரித்துவிட்டு, அடுத்த நாளும் அதையே செய்வாள்.

சரி, எல்லா அடுக்குகளையும் உரித்துவிட்டால் ஆயிற்று. 'எக்ஸிட்' என்று தட்டினாள்.

நில்சா.

பெருமூச்சு விட்டாள். கழுத்தில் எப்போது ஏறியது என்று தெரியாத ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. மறுபடி 'எக்ஸிட்'. அமீல்க்கார். குளிர் கூடியது, இடது கை மோதிரவிரல் மரத்தது. மறுபடி. நில்சா. விரலில் மறுபடி உணர்வு வந்தது. மறுபடி. அமீல்க்கார். இந்த முறை மெந்தோல் வாசனை நாற்காலியிலிருந்து வரவில்லை. அவளுடைய சட்டைக்கு உள்ளே, நெஞ்சுக்குழியிலிருந்து, மூச்சோடு சேர்ந்து சூடாக ஏறி வந்தது. அவள் இருமினாள். ஈரமான, அடிவயிற்றிலிருந்து கிளம்பும் இருமல். மழைக்காலம், யாருக்குத்தான் இருமல் இல்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடி தட்டினாள்.

நில்சா என்று வந்தபோதெல்லாம் அறை தெளிந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சற்றுக் குறைவாகத் தெளிந்தது. மழைச் சத்தம் தள்ளிப் போயிற்று. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் தெரியும் ஆறு மங்கிற்று. எத்தனை நாள், எத்தனை முறை, எத்தனை அடுக்கு என்று அவள் எண்ணி வைத்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் நான் இருப்பேன் என்று மட்டும் நம்பினாள். அடியில் இருப்பது நான்தானே, வேறு யார்?

'எக்ஸிட்.'

அமீல்க்கார்.

'எக்ஸிட்' என்று தட்டப்போன விரல் நின்றது. திரையின் உச்சியில், இவ்வளவு நாள் மேலே தள்ளப்பட்டு மறைந்திருந்த முதல் வரி இப்போது கீழே இறங்கி வந்து நின்றிருந்தது. இந்தத் திரை எப்போது, யாரால் திறக்கப்பட்டது என்று சொல்லும் வரி. தேதி, அமீல்க்கார் இறந்த தேதி. பெயர், அமீல்க்கார்.

அடியில் இருந்தது அவள் இல்லை. அவர் திறந்துவிட்டுப் போன வீட்டுக்குள்தான் அவள் இத்தனை நாளும் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். தன் பெயரில் மிச்சமிருந்த கடைசி அடுக்கையும் அவளே, தன் கையாலேயே, மூடியிருந்தாள்.

கையைப் பார்த்தாள். இடது மோதிரவிரலின் நுனிக் கணு இல்லை. வழவழப்பான பழைய தழும்பு. சின்ன வயதில் கத்தி பட்டு அமீல்க்கார் இழந்த கணு அது.

எழுந்தாள். வலது முழங்கால் வலித்தது. அவளுக்கு முழங்காலில் வலி இருந்ததே இல்லை. கதவுக்குப் போய்த் தன் அட்டையைக் கறுப்புப் பெட்டியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து, பெயர் தெரிந்து, பூட்டு விலக வேண்டும். சிவப்பு எரிந்தது. பெட்டியின் சின்னக் கண்ணாடித் திரையில் பெயர் ஓடியது: அமீல்க்கார் மேனா. அதற்குக் கீழே: அனுமதி முடிந்தது.

திரும்ப வைத்தாள். சிவப்பு. கைப்பிடியை உலுக்கினாள். கதவை அறைந்தாள்.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. காவலாளி பெர்னாவே. அவனுடைய மோட்டார்சைக்கிளில்தான் இருவரும் எலோய்சா வீட்டுக்குப் போவதாகப் பேச்சு.

"நில்சாக்கா? கெளம்பலாமா? அங்க பாட்டு ஆரம்பிச்சிட்டாங்களாம். லேட்டாப் போனா குடிக்க ஒரு சொட்டு இருக்காது, சொல்லிட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். பெர்னாவே, கதவைத் திற என்று சொல்லத்தான் திறந்தாள். வந்தது இருமல். அடிவயிற்றிலிருந்து, ஈரமாக, நிற்காமல்.

கதவுக்கு அந்தப் பக்கம் பூட்ஸ் நகரவில்லை. வெளிப்பக்கத்திலும் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. உள்ளே யார் அட்டையை வைத்தார்களோ அவர் பெயர் அதிலும் தெரியும். அவன் அதைப் படிக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. கதவில் முஷ்டியால் இடித்தாள். நான், நான், நான் என்று ஒவ்வொரு இடிக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இடித்தாள்.

பெர்னாவே நல்லவன். ஓடிப்போகவில்லை. தொப்பியைக் கழற்றியிருப்பான், அவன் குரல் தலைகுனிந்தவனின் குரலாக இருந்தது.

"தோன் அமீல்க்கார், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு இங்க இனி வேல எதுவும் இல்ல. நில்சாக்கா முன்னாடியே கெளம்பிடுச்சு போல; இனி எல்லாம் அது பாத்துக்கும். உங்க வீட்ல வழி விடப்போறாங்க. அங்க போயிடுங்க, சார்."

ஒரு சிறு ஜெபம் முணுமுணுப்பாகக் கேட்டது. பிறகு பூட்ஸ், மெதுவாக, கீழே இறங்கிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மழைக்குள் மோட்டார்சைக்கிள் உறுமிக் கரைந்தது.

திரைக்கு ஓடினாள்; ஓட முடியவில்லை, முழங்காலை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு வழி இருக்கிறது. ரூட்டுக்கு மாறினால், அங்கிருந்து எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் நில்சாவாக மாறிவிடலாம். ரூட்டுக்கு மாறும் கட்டளையைத் தட்டினாள். கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லைக் காலையில்தான் மாற்றினார்கள். மாற்றியது ஒரு பெண். இந்த நாற்காலியில் உட்கார்ந்து மாற்றினாள். அவள் என்ன வைத்தாள் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

இவருக்கு. நினைப்பில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவள் திடுக்கிட்டாள். பழைய கடவுச்சொல் மட்டும் விரல்களில் துடித்தது. தட்டினாள். மறுத்தது.

அப்படியானால் நேராக நில்சா. நில்சாவுக்கு மாறும் கட்டளை. நில்சாவின் கடவுச்சொல்லைக் கேட்டது. அது அவளுடையது. அது இன்னும் இருந்தது, தொலைவில், ஆற்றின் மறுகரையில் யாரோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. தாலியா பிறந்த மாதம். அதற்குப் பின்னால் ஒரு பறவையின் பெயர். தாலியா சின்னவளாக இருந்தபோது அந்தப் பறவையைப் பார்த்து... மாதத்தைத் தட்டினாள். பறவையின் முதல் எழுத்தைத் தட்டினாள். இன்னும் நாலு எழுத்து.

திரையின் ஓரத்தில் செய்தி ஒன்று எழுந்தது. மேற்பகுதி மருத்துவ நிலையத்துச் செவிலி. 'தோன் அமீல்க்கார், பாம்புக்கடி. பெண், கணுக்காலில். எங்களிடம் மருந்து முடிந்துவிட்டது. இருட்டுவதற்குள் படகு விட்டால்தான் பிழைப்பாள். இருக்கிறீர்களா?'

நில்சா அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலு எழுத்துத் தட்டிவிட்டால் அவள் நில்சா. நில்சாவுக்குப் படகு விட அனுமதி இல்லை. மறுபடி அமீல்க்காராக மாறினால் திரும்பி வர முடியாமல் போகலாம். மாற அவளுக்குத் துணிவும் இருக்காது. எழுத்தைத் தட்டாமல் இந்தப் பக்கம் திரும்பினால், விளக்கைப் பிடித்துக்கொண்டு மறுகரையில் நிற்பவர் எவ்வளவு நேரம் நிற்பார்? ஆண்டவரே என்றாள். யாரோ ஒரு பெண். பெயர்கூடத் தெரியாதவள். அவளுக்கும் ஒரு தாலியா இருக்கலாம். நில்சா வாழ்க்கையில் பெரிய நன்மை எதுவும் செய்ததில்லை. கேட்ட இடத்தில் கேட்டதைச் செய்துகொடுப்பாள், அவ்வளவுதான். அதை இன்றைக்கு மட்டும் மாற்றிக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை.

பாதியில் நின்ற கடவுச்சொல்லை அழித்தாள். படகுக்கு அனுமதி கொடுத்தாள். மருந்தறைக்குக் கட்டளை அனுப்பினாள். படகுக்காரன் சரி என்று பதில் அனுப்பும்வரை காத்திருந்தாள். அனுப்பினான். செவிலிக்கு எழுதினாள்: 'வருகிறது.'

'ஆண்டவர் உங்களைக் காப்பாராக, தோன் அமீல்க்கார்.'

மறுபடி நில்சாவுக்கு மாறும் கட்டளை. கடவுச்சொல் கேட்டது. விரல்களைத் தூக்கினாள்.

ஒரு மாதம். பன்னிரண்டில் ஒன்று. ஒரு பறவை. யாருடைய பறவை?

விரல்கள் அந்தரத்திலேயே நின்றன.

கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. எலோய்சா. அவள் அதை அழுத்திக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பெண்களின் பாட்டு, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அலபாவோ, மழையோடு மழையாக, ஏறாமல் இறங்காமல் நின்றது.

"நில்சா, எங்கடி இருக்க? மெழுகுவத்திய அணைக்க ஆரம்பிச்சாச்சு. இன்னும் ரெண்டுதான் பாக்கி. ஒம் பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

ஒன்றை விட்டுவையுங்கள். ஒன்றே ஒன்றை அணைக்காமல் விட்டுவையுங்கள். அதைத்தான் சொல்ல முயன்றாள். இருமினாள்.

பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எலோய்சா முப்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் அது. பிறகு அவள் பேசினாள். நில்சாவோடு பேசுகிற குரல் இல்லை. அவ்வளவு கனிவான குரலில் எலோய்சா யாரோடும் பேசி நில்சா கேட்டதில்லை.

"நீங்களா? பயந்துட்டீங்களா, போறதுக்கு? பயப்படாதீங்க. எல்லாரும் வந்திருக்கோம். போயிட்டு வாங்கன்னு நான் சொல்லப்போறதில்ல. போங்க. நல்லபடியாப் போங்க. நானே அணைக்கிறேன்."

இல்லை.

ஒரு ஊதல் கேட்டது. மெல்லிய ஊதல்.

திரையில் பெயர் மங்கியது.

இல்லை. எலோய்சா. நான்.

இரண்டாவது ஊதல்.

திரை அணைந்தது. குளிர்சாதனத்தின் முனகல் நின்றது. சொட்டும் நின்றது. மெழுகு அணைந்த புகையின் வாசனை. அறைக்குள். மிக அருகில்.

இருட்டு. காலடியில் சிமென்ட் இல்லை. பலகை. ஈரப் பலகை.

முதுகுக்குப் பின்னால் யாரோ பீடத்துத் துணியை உரித்து மடிக்கும் சத்தம். ஆணி பிடுங்கும் சத்தம். பாட்டு இப்போது கைபேசியில் இல்லை. இரு பக்கத்திலும்.

கண் பழகியது. எதிரே திறந்த வாசல். வாசலுக்கு அப்பால் மழை. ஏறி வந்திருக்கும் ஆறு. வாசல்வரை நேராக ஒரு வழி, ஒரு நாற்காலிகூடக் குறுக்கே இல்லாமல். இரு பக்கமும் சுவரோரம் ஆட்கள். தெரிந்தவர்கள். எல்லோரும் தலைகுனிந்து.

பெர்னாவே. மடியில் நனைந்த தொப்பி.

கால்கள் தாமாக நடந்தன. வலது முழங்கால் இழுத்தது. நிற்க முடியவில்லை. வாசல் நெருங்கியது.

கடைசியில், வாசல் ஓரத்தில், தாலியா. பக்கத்தில் யாருக்கோ பிடித்துவைத்த காலி இடம்.

தாலியா.

குனிந்து, முகத்துக்கு அருகில் போய்க் கூப்பிட்டாள். தாலியா. அம்மாடி. என்னைப் பார். ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்.

தாலியாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. நல்ல பிள்ளை, சொல்லிக்கொடுத்தபடி கண்களை இறுக மூடியிருந்தாள். ஞானத்தகப்பனுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று, வழியில் நீண்டிருந்த தன் கால்களை மெல்ல, மரியாதையாக, உள்ளே இழுத்துக்கொண்டாள்.